ஊர் சேரும் பெட்டி

“என்னை இந்த ஹாங்கோ பட்டணத்துலேயே புதைச்சிடு” என்றார் சீனத்துத் தேயிலை வியாபாரி பாவ். வைத்தியர் கைவிரித்து ஒரு மாதமாகிறது.

கட்டிலருகே இருந்த, ஹுய்ஜோவிலிருந்து பிழைக்க வந்தவர்களின் ஊர்ச் சங்கத்துக் காரியதரிசி ஹூ சிரித்துவிட்டார். “நல்லா இருக்குண்ணே. நாதியத்தவன் செத்தாலே சங்கம் படகு புடிச்சு சவப்பெட்டிய ஊருக்கு அனுப்புது. சங்கத் தலைவரை வெளியூர் மண்ணுல போடுறதா?”

“ஊருல எனக்கு யாரு இருக்கா?”

“தங்கச்சி இருக்காங்களே. நான் கடுதாசி போட்டுட்டேன். நாப்பது வருஷமா எட்டிப் பார்க்காத அண்ணன் பொணமாவாச்சும் வரட்டும், படித்துறையில காத்திருக்கேன்னு பதில் வந்திருக்கு.”

பாவ் கண்களை மூடிக்கொண்டார்.

நாற்பது வருஷத்துக்கு முன், சரக்குப் படகில் தன்னோடு வேலை பார்த்த ஹுய்ஜோ வாலிபன் காய்ச்சலில் இறந்துபோனான். தன் ஊரையும் தங்கையையும் பற்றி ஓயாமல் பேசியவன். அவனை ஆற்றங்கரையில் புதைத்துவிட்டு, அவன் பெயரையும் ஊரையும் தன்னுடையதாகச் சொல்லித்தான் பாவ் சங்கத்தின் கதவைத் தட்டினார். நம்ம ஊர்ப் பையன் என்ற ஒரே காரணத்துக்காக சரக்குக் கொடுத்தார்கள், கடை வைத்துக் கொடுத்தார்கள். தன் சொந்த ஊர்ப் பேச்சை அதன்பின் அவர் யாரோடும் பேசியதில்லை.

“ஹூ, பெட்டியத் திறக்காம புதைக்கணும்னு அவளுக்கு எழுதிடு.”

“ஏண்ணே, கடைசியா ஒரு தடவை முகம் பார்க்க வேண்டாமா?”

“வேண்டாம்” என்றார் பாவ். “அவளுக்கு அண்ணன் முகம் மறந்திருக்காது.”