அப்பா சட்டை

அம்மாவின் அப்பா யாரென்று அறிய நான் அனுப்பிய எச்சில் மரபணுப் பரிசோதனையிலும் உறவென்று யாரும் பொருந்தவில்லை.

"அப்பன் யாருன்னே தெரியல, இதுல ஆராய்ச்சி வேற" என்று சிரித்தாள் பக்கத்து வீட்டு அத்தை.

"ஆளு தெரியாட்டி என்ன அண்ணி, அளவு தெரியும்" என்றாள் தையற்காரியான அம்மா. கண்ணாடியில் தன் தோளைப் பார்த்து, இரண்டு விரல் கூட்டி, வெள்ளைச் சட்டை ஒன்று தைத்துக் கதவில் மாட்டினாள்.

காலையில் அதன் காலரில் வியர்வை அழுக்கு இருந்தது. கைகள் மடிக்கப்பட்டிருந்தன, தைக்கும்போது அம்மா தன் நைட்டிக் கைகளை மடிப்பதுபோலவே இடதில் ஒரு மடிப்பு அதிகம். வீட்டில் நாங்கள் இருவர்தான். எனக்குப் பயம் வரவில்லை; முதுகு நிமிர்ந்தது.

அம்மா அதைத் துவைத்து, அத்தையின் ஜன்னலுக்கு நேராகக் காயப்போட்டாள்.

"யாரு சட்டைடி?"

"எங்கப்பாவுது அண்ணி. நாளைக்குப் போடணும்ல."