முன்வாசல் ஒயர்

கம்ப்யூட்டர் பெட்டிக்குள் புதிதாக வந்திறங்கிய வைஃபை கார்டு, "நான் ஒயரே இல்லாம ஊரோட பேசுவேன்" என்றது. பிறகு, "ப்ளூடூத்துக்கு மட்டும் ஒரு ஒயர் சொருக இடம் வேணும்" என்றது.

மதர்போர்டுக்குத் தலை சுற்றியது. உள்ளே இருந்ததே ஒரே இடம். அதில் முன்பக்க யூஎஸ்பி வாசலின் ஒயர் இருந்தது. வந்த விருந்தாளி முகம் சுளிக்கக் கூடாதே என்று அந்த ஒயரைப் பிடுங்கி இடம் கொடுத்தது.

மறுநாள் பென்டிரைவ் வழக்கம்போல முன்வாசலில் நுழைந்தது. அதன் விளக்கு எரியவில்லை.

"அண்ணே, நான் செத்துட்டேனா?"

"தெரியலையேப்பா. நேத்துலேர்ந்து எனக்கே அந்தச் சந்தேகம்தான்," என்றது வாசல்.

உள்ளே மதர்போர்டு, அடுத்த அறை ஹெட்போனிடம் ப்ளூடூத்தில் சொல்லிக்கொண்டிருந்தது: "எப்ப வேணும்னாலும் வாங்க. நம்ம வீட்டுக் கதவு தெறந்தேதான் இருக்கும்."