ஐந்தாவது வரியில் எழுத்தில்லை

அப்பாவை அடக்கம் செய்த முற்றத்தில் குழல்காரர் என் முதல் தம்பியைக் கூப்பிட்டார்.

வாயால் இல்லை. ஓஜா என்கிற சாண் நீளக் குழலால். எங்கள் இக்போ மொழியில் ஒரு பெயரின் ஏற்ற இறக்கத்தை ஊதினாலே உரியவனுக்குப் புரியும்.

தம்பி பந்தலிலிருந்து கை தூக்கினான். கூட்டம் ஆரவாரித்தது.

தம்பிகள் நான்கு பேர். நால்வரும் அப்பா பிறகு கட்டிய சின்னம்மாவின் பிள்ளைகள். அப்பாவுக்குப் பெண் நான் ஒருத்திதான்.

குழல்காரர் வெளியூர், பெயர்கள் தெரியாது. காலையில் எஜிகே சித்தப்பா என்னைத்தான் பட்டியல் எழுதச் சொன்னார். இந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள், அதுவும் மொழியியலில். அந்தப் பட்டத்துக்கு இங்கே கிடைத்த ஒரே வேலை, நான்கு ஆண்களின் பெயரைப் பிழையில்லாமல் எழுதுவது.

எழுதினேன். அடியில் புள்ளி வேண்டிய எழுத்துக்கெல்லாம் புள்ளி. குரல் ஏறும் இடத்தில் தலைக்கு மேல் ஒரு சாய்கோடு, இறங்கும் இடத்தில் எதிர்ப்பக்கம் சாய்ந்த கோடு.

“என்னடி இது, எழுத்து மேல கொசு உக்காந்த மாதிரி?” சித்தப்பா தாளைக் கண்ணருகே பிடித்தார். “உம் பேர எங்கயும் சொருகிடலயே? பொட்டப்புள்ள பேரெல்லாம் குழல்ல வராது, தெரியும்ல?”

“எண்ணிப் பாருங்க. நாலுதான்.”

நாலுதான். ஐந்தாவது வரியில் எழுத்தே போடவில்லை. வெறும் கோடுகள், ஐந்து. பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்த்ததாக நினைத்திருப்பார்.

குழலுக்கு எழுத்து எதற்கு? தாளைக் கொடுத்தபோது குழல்காரருக்கு அந்த வரியை வாய் திறக்காமல் முனகிக் காட்டினேன். ஒருமுறை கேட்டார். தலையாட்டினார்.

அந்தப் பெயர் இந்த முற்றத்தில் ஒலிக்க வேண்டும். அதற்காகத்தான் வந்தேன். அப்பாவுக்காக இல்லை.

இரண்டாவது தம்பி. மூன்றாவது. நான்காவது.

விட்டுவிடுவாரோ?

குழல்காரர் குனிந்து தாளைப் பார்த்தார். ஊதினார். ஐந்து ஒலி.

யாரும் கை தூக்கவில்லை. பந்தல் முழுக்க என் பக்கம் திரும்பியது. சித்தப்பாவும் திரும்பினார், திட்டுவதற்கு. பிறகு காது கொடுத்துக் கேட்டார். முகம் வெளுத்தது.

அது என் பெயர் இல்லை.

ஒபியாகெலி. என் அம்மா. ஆண் பிள்ளை பெறவில்லை என்று, ஒன்பது வயதான என்னோடு இதே முற்றத்திலிருந்து துரத்தப்பட்டவள். போன மழைக்காலத்தில் அவளை அவள் அண்ணன் வீட்டுக் கொல்லையில் புதைத்தோம், நானும் மாமாவும். பந்தல் இல்லை, குழல் இல்லை.

இதெல்லாம் குழல்காரருக்குத் தெரியாது. பதில் வராத பெயரைப் பாதியில் விடுவது அவர் தொழிலுக்கு இழுக்கு. மறுபடி ஊதினார். மறுபடியும்.

“யாராச்சும் அந்தக் குழலுக்கு ஏன்னு கேட்டுத் தொலைங்களேன்!” சித்தப்பா கத்தினார்.

நான் வாயைத் திறக்கவில்லை. கூப்பிடட்டும்.