முனையிலிருந்து வந்த அலை

பக்கத்து அணு மேலே பார்த்தால் தாம் கீழே பார்க்கும் பிடிவாதக்கார அணுக்களால் ஆனது அந்தச் செய்தி இழை. நடுவில் செய்தியைத் தட்டினால் அது அலையாகி, இரண்டாகப் பிரிந்து இரு முனைக்கும் ஓடும். ஒரு முனையில் பரிதியின் மனைவி தேன்மொழி, மறுமுனையில் மாமனார். பரிதிக்கு நடு நிலையத்தில் வேலை.

காலைச் சண்டைக்கு மன்னிப்புக் கேட்டால் மாமனாருக்கும் தெரிந்துவிடும். தயங்கித் தயங்கி, "என் மேலதான் தப்பு, தேனு" என்று தட்டினான்.

மாமனார்தான் முதலில் பதில் சொன்னார்: "மாப்ள, அவ அவங்கம்மா மாதிரி. பூவுக்கெல்லாம் மசியமாட்டா. சூடா வாழைக்காய் பஜ்ஜி வாங்கிட்டுப் போங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

முனையிலிருந்து தட்டினால் அலை நடு நிலையத்தோடு நிற்காமல் மறுமுனைவரை போகும் என்பதை அவர் மறந்துவிட்டார்.

சற்றுப் பொறுத்துத் தேன்மொழியின் அலை வந்தது: "அப்பா, பஜ்ஜி ஆறறதுக்குள்ள அவரை வீட்டுக்கு வரச் சொல்லுங்க."