பதினோராவது பெயர்

"பத்துப் பேர்ல என் புள்ள பேரு இல்லையா? யாரு போட்டது இந்த லிஸ்ட்டை? வரச் சொல்லுங்க அந்த ஆளை!"

பெரியவர் மேஜையில் அடித்த அடியில் தேநீர்க் கோப்பை துள்ளியது. இதழின் துணை ஆசிரியை அதைப் பிடித்து ஓரமாக வைத்தாள்.

"நான்தாங்கய்யா போட்டேன். முதல்ல உட்காருங்க."

"உட்கார்றதுக்கு நான் வரலை!" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார்.

விளையாட்டு இதழின் வெள்ளி விழா மலருக்கான வேலை அது. 'தொழில்முறைக் கூடைப்பந்தின் தலைசிறந்த பத்து பாயின்ட் கார்டுகள்' என்று, பந்தைக் கொண்டுபோய் மற்றவர்களுக்குப் பாஸ் கொடுத்து ஆட்டத்தை நடத்துகிறவர்களின் பட்டியல் நடுப்பக்கம் முழுக்க. காலையில் இணையத்தில் முன்னோட்டம் போட்டிருந்தார்கள். ஐந்து மணிக்கு மலர் அச்சுக்குப் போகிறது. இப்போது மூன்றரை.

"உங்க மகன்னா யாருங்க?"

"பம்பரம்!"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பம்பரத்தைத் தெரியாமல் இந்த வேலையில் யாராவது இருக்க முடியுமா? ஐந்தரை அடிதான் உயரம். நெட்டை நெட்டையான ஆட்களுக்கு நடுவில் பந்தைத் தட்டிக்கொண்டு நுழைந்து, பார்க்காமலே முதுகுக்குப் பின்னால் ஒரு பாஸ் கொடுப்பார். வாங்கியவன் கூடையில் போட்டுவிட்டுக் கைதட்டலை அள்ளிக்கொள்வான். பதினோரு வருடம் அப்படித்தான் ஆடினார்.

"எனக்கும் அவரை ரொம்பப் பிடிக்குங்கய்யா. ஆனா இது அசிஸ்ட் எண்ணிக்கையை வெச்சுப் போட்டது. கூடை விழறதுக்குக் காரணமா எத்தனை பாஸ் கொடுத்தாங்கன்னு லீக் ஆபீஸ்ல இருக்கற எண்ணிக்கை. பத்தாவது ஆளைவிட உங்க மகனுக்கு நாற்பத்து மூணு குறையுது. அவர் பதினொண்ணாவது."

"குறையலைம்மா, குறைச்சுட்டான்!"

கையிலிருந்த ஃபைலைத் திறந்து மஞ்சள் தாள்களைக் கொட்டினார். எல்லாம் பழைய ஸ்கோர் ஷீட்டுகள்.

"வெளியூர்ல ஆடினா ஒரு ஆட்டத்துக்குப் பத்து, பதினொண்ணு. சொந்த மைதானத்துல ஆறு! இந்த அநியாயத்தை எங்கயாவது கேள்விப்பட்டிருக்கியா?"

அவள் கணினியில் தட்டிப் பார்த்தாள். உண்மைதான். எல்லா ஆட்டக்காரர்களுக்கும் சொந்த மைதானத்தில்தான் அசிஸ்ட் ஏறும். ஸ்கோர் எழுதுகிறவர் உள்ளூர்க்காரர், கொஞ்சம் தாராளமாகவே எண்ணுவார். பம்பரத்துக்கு மட்டும் எல்லாம் தலைகீழாக இருந்தது.

"இதை எப்படிக் கவனிக்காம விட்டேன்?" என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"பாஸ் வாங்கினவன் பந்தை ஒரு தட்டு தட்டிட்டுக் கூடையில போட்டா, அசிஸ்ட் உண்டா இல்லையா? நீயே சொல்லு."

"அது ஸ்கோரர் இஷ்டம். பெரும்பாலும் எண்ணிடுவாங்க."

"இந்தப் பாவி எண்ணலை! மத்த எல்லாருக்கும் எண்ணினான். என் புள்ளைகிட்ட வாங்கினவன் மூச்சு விட்டுட்டுப் போட்டாக்கூட எண்ணலை. கண்ணு அவிஞ்சா போச்சு அவனுக்கு?"

கேட்கக் கேட்க அவளுக்கும் கோபம் தலைக்கேறியது.

"பதினோரு வருஷமும் ஒரே ஆளா எழுதினாரு? உங்க மகன் சும்மாவா இருந்தாரு?"

"கேட்டான். ஒரு நாள் ஆட்டம் முடிஞ்சு வேர்வையோட ஸ்கோர் மேஜைக்கே வந்து கேட்டான். 'விதின்னா விதிதான், போடா'ன்னுட்டான் அந்தப் பாவி. அன்னிக்கோட ஆட்டத்தையே விட்டுட்டான் என் புள்ள. மூணு வருஷமா வீட்டுப் பக்கமும் வர்றதில்லை."

"சே! மனுஷனா அந்த ஆளு? பேரைச் சொல்லுங்க, மலர்லயே கிழிச்சுத் தொங்க விடறேன்."

"கிழி! நல்லாக் கிழி!"

அவள் ஒரு தாளை எடுத்து அடியிலிருந்த கையெழுத்தைப் பார்த்தாள். கோழி கிளறியது போல இருந்தது. கீழே அழுத்தமாக இரண்டு கோடு. பெயர் ஒன்றும் புரியவில்லை.

அதற்குள் பக்கம் வடிவமைப்பவர் எட்டிப் பார்த்து, "நடுப்பக்கம் ரெடியா?" என்றார்.

"அஞ்சு நிமிஷம்" என்று அவரை அனுப்பிவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

"கிழிச்சா நம்ம கோபம் தீருங்கய்யா, எண்ணிக்கை மாறாது. எழுதின ஸ்கோரரே 'நான் தப்பா எழுதினேன்'னு கைப்பட எழுதிக் கொடுத்தாத்தான் லீக்ல திருத்துவாங்க. அந்தத் தாள் மட்டும் கையில இருந்தா, பக்கத்தை நிறுத்தி வெச்சு நானே அவங்ககிட்டப் பேசிடுவேன். ஆனா அந்த ஆளு ஏன் கொடுக்கப் போறாரு? ஊரே காறித் துப்புமே."

"துப்பட்டும்" என்றார் பெரியவர். "ஒரு தாள் கொடும்மா."

"நீங்க எழுதி என்னங்கய்யா ஆகும்?"

"கொடுன்னா கொடு!"

வாங்கிக்கொண்டு குனிந்தார். பேனா தாளைக் கிழித்துவிடுமோ என்னும்படி அழுத்தி எழுதினார். எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டார். அதன் கீழே இரண்டு கோடு இழுத்து, தாளை அவள் பக்கம் தள்ளினார்.

அவள் அதை மஞ்சள் தாளின் பக்கத்தில் வைத்தாள். மாறி மாறிப் பார்த்தாள்.

"ஐயா... சொந்தப் புள்ளைக்கா?"

"அப்பன் ஏத்திக் கொடுத்ததுன்னு ஒரு பய அவனைச் சொல்லிடக் கூடாதுன்னு பார்த்தேன்" என்றார் பெரியவர். "அடுத்தவன் புள்ளையா இருந்திருந்தா, எல்லாத்தையும் எண்ணியிருப்பேம்மா."