வேலி தாண்டிய உழவு

உழவு மாடுகளை விற்றுவிட்டு, பழைய குட்டி டிராக்டர் ஒன்றை வாங்கி வந்ததிலிருந்து விக்கிரமங்கலத்தில் அங்கமுத்துவின் நடையே மாறிவிட்டது. அதைப் பொறுத்துக்கொண்ட அவர் மனைவி சுந்தராம்பாளால் வேறொன்றைப் பொறுக்க முடியவில்லை.

“நம்ம கொல்லைய உழப் போனவரு, வேலியப் பிரிச்சுட்டு ஜெகதாம்பா கொல்லையில எதுக்கு உழவு ஓட்டுறீங்க? அவ புருஷன் பட்டாளத்துல இருக்கான். ஊரே ஒரு மாதிரி பேசுது.”

“ஏதோ ஒத்தாசைடி” என்று மீசையைத் தடவியபடி நழுவினார் அங்கமுத்து.

மறுநாளும் டிராக்டர் பக்கத்துக் கொல்லைக்குள் நுழைந்தது. சுந்தராம்பாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்குப் போனாள். போன வேகத்திலேயே திரும்பி வந்தாள்.

“ஜெகதாம்பா எல்லாத்தையும் சொல்லிட்டா.”

அங்கமுத்துவின் முகம் வெளுத்தது. “என்ன சொன்னா?”

“வண்டிக்கு ரிவர்ஸ் கியரே விழாதாமே! நம்ம கொல்லையில திருப்ப இடம் பத்தாம, அவ கொல்லையச் சுத்திக்கிட்டுத்தான் வெளிய வர்றீங்களாம். நட்ட கத்தரியெல்லாம் போச்சுன்னு அழுவுறா. யார்கிட்டயும் சொல்லாதேன்னு அவளக் கையெடுத்துக் கும்பிட்டீங்களாமே?”

அங்கமுத்து தலைகுனிந்தார்.

“இருங்க, இப்பவே நாலு பேருகிட்ட உண்மையச் சொல்லிட்டு வரேன். அந்தப் பொண்ணு மானமாவது மிஞ்சட்டும்.”

அங்கமுத்து பதறிப்போய்க் குறுக்கே நின்றார்.

“வேண்டாம்டி! ஓட்டை வண்டிய வாங்கி ஏமாந்தவன்னு தெரிஞ்சா நான் வெளிய தலை காட்ட முடியாது. நீ சந்தேகப்பட்ட மாதிரியே இருந்துட்டுப் போகட்டும்!”