கதவு திறக்கும் வித்தை

இங்கிலாந்தின் டெர்பி நகரில் நவம்பர் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. ஷெட்டில் நின்ற பழைய ஸ்போர்ட்ஸ் காரின் டயரைக் கிளைவ் எட்டி உதைத்தான்.

மே மாத வெயிலில் மயங்கி வாங்கியது. சனி, ஞாயிறுகளில் கூரையைத் திறந்துவிட்டு மலைப்பாதையில் பறக்கலாம் என்று கனவு. அத்தனை சனி, ஞாயிறும் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்ததுதான் மிச்சம்.

"பிரேக் புதுசு, கிளட்ச் புதுசு, கூரைத்துணி கூடப் புதுசுங்க," என்றான், விளம்பரம் பார்த்து வந்த பெவர்லியிடம்.

"அப்புறம் ஏன் விக்கிறீங்க?"

"வேலை முடியறதுக்குள்ள மழை வந்துடுச்சே! அடுத்த கோடை வரைக்கும் இதைக் கட்டிக்கிட்டு அழ முடியாது."

அவள் கேட்டது பாதி விலைக்கு. கிளைவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் இந்த மழையில் கூரை திறக்கும் காரை வேறு யார் சீண்டுவார்கள்? சாவியை நீட்டினான்.

அந்தக் கார்க் கதவு லேசில் திறக்காது. வித்தையைச் சொல்லிக்கொடுக்க அவன் வாயெடுப்பதற்குள், பெவர்லி கைப்பிடியை மேலே தூக்கி இடுப்பால் ஓர் இடி இடித்தாள். கதவு திறந்துகொண்டது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வருஷா வருஷம் பண்றதுதானே! மே மாசம் வெயிலடிச்சதும் எங்க வீட்டுக்காரர் இந்தக் காரை விப்பாரு. நவம்பர்ல நான் வந்து வாங்குவேன். முதல்ல வாங்கினவர் இன்ஜினைச் சரி பண்ணாரு, அடுத்தவர் கியர் பாக்ஸை. மிச்சத்தை நீங்க முடிச்சுட்டீங்க."

கிளைவ் தான் மாட்டிய புதுக் கூரைத்துணியைத் திரும்பிப் பார்த்தான்.

"இந்தக் கதவை மட்டும் ஏன்தான் ஒருத்தரும் சரி பண்ண மாட்டேங்கிறீங்களோ!" என்று சலித்துக்கொண்டே அவள் காரைக் கிளப்பினாள்.